தமயந்தி கட்டம்

திரும்பவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அந்த வட்ட நட்டைப் பிடித்துத் திருகுகின்றன, விரல் தோல்தான் திருகிக்கொள்கிறதே தவிர நட்டு அசையவில்லை. சட்டைப் பொத்தானில் பாதி இருக்கும். கோத்தகிரிக்கு மேலே ஒரு கேரட் தோட்டத்து ஓரம், பாறையில் முதுகைச் சாய்த்து, மடியில் பின்சக்கரத்தை வைத்துக்கொண்டு, நாற்பத்து மூன்று வயதுப் பொம்பளை அரைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறேன். மணி பன்னிரண்டு எட்டு. ஒரு மணிக்குள் மூன்றாம் சாவடிக்குப் போகாவிட்டால் முடிந்தது, சைக்கிளையும் என்னையும் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள், மூன்றாவது வருஷமாக. நூறு கிலோமீட்டர் மலைப் பந்தயத்தில் நான் நூறைப் பார்த்ததே இல்லை. மூன்றாம் சாவடியைத் தாண்டியதே இல்லை. அதற்கு இன்னும் ஏழு கிலோமீட்டர், அதில் நாலு கிலோமீட்டர் ஏற்றம், எப்படி மிதித்தாலும் முப்பத்திரண்டு நிமிஷம், பயிற்சிக்கு வந்தபோது நாலு தடவை அளந்திருக்கிறேன். அப்படியென்றால் பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு நான் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். இருபது நிமிஷம். டயரின் பக்கவாட்டில் ஒரு கல் கிழித்துவிட்டது, நகம் நீளத்துக்கு. ட்யூப் இல்லாத டயர் இது, உள்ளே வெள்ளைப் பால் மாதிரி ஒன்றை ஊற்றி வைத்திருப்போம், முள் குத்தினால் அதுவே அடைத்துவிடும், கிழிசலுக்கு அது ஒன்றும் செய்யாது, பீச்சியடித்து என் முழங்காலெல்லாம் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். இனி உள்ளே ட்யூப் போட்டாக வேண்டும். ட்யூப் இருக்கிறது. பம்பு இருக்கிறது. டயரைக் கழற்றியாகிவிட்டது. ரிம்மில் இருக்கும் பழைய வால்வை எடுத்தால்தான் ட்யூபின் வால்வு அந்த ஓட்டையில் நுழையும். அதை எடுக்க இந்த நட்டு கழல வேண்டும். இந்த நட்டு கழலாது. என் வாழ்க்கை இப்போது இவ்வளவுதான்.

இறுக்கினது யார்? வேறு யார், மயில்சாமிதான். கட்டின புருஷன். அவருக்கு இறுக்குகிற வியாதி. குழாய், குக்கர் கைப்பிடி, ஊறுகாய் ஜாடி, எண்ணெய் டின், எதை அவர் மூடினாலும் திறக்க இன்னொரு மயில்சாமி வேண்டும். ஒருநாள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் எண்ணெய் டின்னைக் கதவிடுக்கில் வைத்துத் திருகினேன், டின் திறக்கவில்லை, கதவின் நாதாங்கி கழன்று விழுந்தது. "இத்தன எதுக்குங்க இறுக்கறீங்க?" என்றால் "எறும்பு பூந்துருமல்லோ" என்பார். எண்ணெய்க்குள் எறும்பு புகுந்து என்ன செய்யும், நீச்சல் பழகுமா? இதைச் சொல்கிற நான் யார், பம்பு கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகப் பரிசோதனைப் பிரிவு. எந்த நட்டை எத்தனை இறுக்க வேண்டும் என்று அளந்து பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம். குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. கூடினால் இன்னும் தப்பு, மரை தேய்ந்துவிடும், பிறகு கடவுளே வந்தாலும் கழற்ற முடியாது. கூடின பம்புக்கெல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவேன். நான் ஷெட்டுக்குள் நுழைந்தால் ஃபிட்டர்கள் "சிவப்புச் சீட்டு வருது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்காதா, நன்றாகக் கேட்கும். கேட்டுக்கொண்டுதான் இன்னும் இரண்டு சீட்டு அதிகமாக ஒட்டுவேன். அப்படிப்பட்டவள் வீட்டில் இப்படி ஒரு ஆள். இந்நேரம் சாவடியில் கேழ்வரகுக் கஞ்சி பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பார், அந்த மூடியும் இறுகித்தான் இருக்கும்.

கடிகாரம் கத்துகிறது. சாப்பிடு என்கிறது. இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்தும்படி நான்தான் வைத்தேன், பசித்த பிறகு சாப்பிட்டால் இந்த மலையில் எழுந்திருக்க முடியாது, பசிக்கு முன்னால் சாப்பிட வேண்டும். முதல் வருஷம் அது தெரியாமல் நாலு இட்லியும் வாழைப்பழமும் போதும் என்று வந்து, நாற்பதாவது கிலோமீட்டரில் கண் இருட்டித் தேயிலைக்குள் படுத்துக்கொண்டேன், யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். இரண்டாவது வருஷம் வெளிநாட்டு ஜெல் பாக்கெட் பன்னிரண்டு. இருமல் மருந்தில் சர்க்கரையைக் கொட்டியது போல ஒரு ருசி. வயிறு ஐந்தாவது பாக்கெட்டிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது, புதருக்குப் பின்னால் போனது மட்டும் நாலு தடவை, பதினோரு நிமிஷத்தில் சாவடியைத் தவறவிட்டேன். இந்த வருஷம் அப்படி இல்லை. எட்டு மாதம், ஒவ்வொரு ஞாயிறும் ஆனைகட்டி ரோட்டில், எதைச் சாப்பிட்டால் வயிறு சும்மா இருக்கிறது என்று ஒன்றொன்றாக மிதித்துப் பார்த்து எழுதி வைத்தேன். உப்பு தூக்கலாகப் போட்டு அவித்த சின்ன உருளைக்கிழங்கு, சரி. கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை, மதியத்துக்கு முன் சரி, வெயிலில் சரியில்லை. புளிசோற்றை எலுமிச்சை அளவு உருட்டி அலுமினியத் தாளில் சுற்றினால், எப்போதும் சரி. ஜெல் இரண்டே இரண்டு, ஆபத்துக்கு. இன்றைக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வந்திருக்கிறேன், வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை. கால் நன்றாக இருக்கிறது. மூச்சு நன்றாக இருக்கிறது. எல்லாம் நன்றாக இருந்து இந்தப் பொத்தான், இந்தப் பாழாய்ப்போன பொத்தான். கடிகாரம் விடாமல் கத்துகிறது. எதை வைத்துச் சாப்பிடுவேன், கையெல்லாம் டயர்ப் பாலும் செயின் மசியும். வாயைத் திறந்து ஒரு உருளைக்கிழங்கைப் போட்டுக்கொள்கிறேன், மசியோடு. மென்றுகொண்டே திருகுகிறேன். திரும்பவில்லை.

பையில் குறடு ஒன்று இருந்தால் அரை நிமிஷ வேலை. இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். இன்று விடிகாலை வரை இருந்தது. சின்னக் குறடு, அவர் வைத்தது. லாட்ஜ் அறையில் சமையல் தராசை வைத்துக் கடைசியாக எல்லாவற்றையும் ஒருதடவை நிறுத்துப் பார்த்தேன், அந்தத் தராசை ஊரிலிருந்து எடுத்துவந்ததற்கே அவர் சிரித்தார். எனக்கு எடை குறைக்கிற பைத்தியம், ஒப்புக்கொள்கிறேன். பையின் வார்ப்பட்டையில் தொங்குகிற நுனியைக் கூட வெட்டியிருக்கிறேன். குறடு நூற்றுப்பத்து கிராம் காட்டியது. நூற்றுப்பத்து என்றால் இரண்டு புளிசோற்று உருண்டை, ஒன்று ஐம்பத்தைந்து. இரும்பைச் சுமந்து என்ன செய்வது, சோற்றைச் சுமந்தால் சாப்பிடலாம் என்று குறட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு உருண்டையை உள்ளே போட்டேன். தராசு அப்படியே நின்றது, ஒரு கிராம் ஏறவில்லை, இறங்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது அந்த இரண்டு உருண்டையும் பையில் பத்திரமாக இருக்கின்றன.

சாவடியில் ஹெலன் இருக்கிறாள். அதை நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து மிதிக்கிறேன். மூன்றாம் சாவடி, ஹெலன், என்று பந்தய வாட்ஸ்அப் குழுவில் சாவடித் தாள் எழுதுகிறவர்களின் பட்டியல் போட்டிருந்தார்கள். குன்னூர்க்காரி, நர்சு வேலை, என்னைவிடப் பத்து வயது சின்னவள், போன வருஷம் என்னைவிடக் கால் மணி நேரம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஒரு தேயிலைத் தொழிற்சாலை முன்னால் அவள் செயின் அறுந்து, உள்ளேயிருந்து வந்த ஃபிட்டர் ஒருவர் சுத்தியலால் தட்டிச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், நான் அப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்தேன். விதி என்னவென்றால் சாவடிக்கும் சாவடிக்கும் நடுவில் போட்டியில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவலாம், வெளியாட்கள் கை வைக்கக் கூடாது. ஹெலனுக்கு அது நினைவிலேயே இல்லை போல, என்னைப் பார்த்துச் சிரித்து, "வாங்கக்கா, மூஞ்சியெல்லாம் வாடிப் போச்சே, தண்ணி இருக்கா?" என்று தன் பாட்டிலில் பாதியை என் பாட்டிலில் ஊற்றினாள். குடித்தேன். குடித்துவிட்டுச் சாவடிக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். நேரமாகி ஜீப்புக்குக் காத்திருந்த நான், எனக்கு இனி ஒரு லாபமும் இல்லாத நான், ஒரு தாள் கேட்டு வாங்கி இரண்டு பக்கம் எழுதினேன். அவளை நீக்கினார்கள், ஒரு வருஷம் தடையும் போட்டார்கள். விதி விதிதான். அளவு தவறினால் தவறினதுதான், அதில் நல்லவள் தண்ணீர் கொடுத்தவள் என்றெல்லாம் பார்த்தால் பம்பு தண்ணீர் இறைக்குமா. அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன். என் கடிதத்துக்குப் பிறகுதான் சாவடித் தாளில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. வெளி உதவி பெற்றீர்களா, ஆம், இல்லை. ஒவ்வொருவரையும் கேட்டு டிக் போட வேண்டும். ஆம் என்று சொல்ல எவன் வருவான், எல்லாரும் இல்லைதான். பையன்கள் அதற்குத் தமயந்தி கட்டம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். "தமயந்தி கட்டம் போட்டாச்சா?" என்று என் காதுபடவே கேட்கிறார்கள், நான் கேட்காத மாதிரி போகிறேன். இன்றைக்குக் காலை ஹெலன் கிளம்புகிற இடத்துக்கே வந்து என் முதுகில் பந்தய எண் அட்டையைக் குத்திவிட்டு, "இந்த வருசம் முடிச்சிருவீங்கக்கா" என்றாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

சக்கரச் சத்தம். இரண்டு பேர், பெங்களூர்ப் பையன்கள், காலையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள். நிறுத்துகிறார்கள், அதுவே பெரிய விஷயம். "ப்ளேயர் இருக்கா தம்பி?" இல்லை. கத்தி மாதிரி மடிகிற திருகுசாவிக் கொத்து ஒன்று இருக்கிறது, என்னிடமும் அதேதான் இருக்கிறது, வட்ட நட்டுக்கு அது எதுவும் பிடிக்காது. ஒருவன் இறங்கித் தன் கையால் திருகிப் பார்க்கிறான், முகம் சிவக்கிறது. "யாரு ஆன்ட்டி இத இப்படி டைட் பண்ணது?" என்கிறான். என் வீட்டுக்காரர் என்கிறேன். அவன் பாவமாகப் பார்த்துவிட்டுப் போகிறான். மணி பன்னிரண்டு பதினாறு. அவர்களுக்குப் பின்னால் கடைசி ஆளைக் கூட்டிப் பெருக்கி வருகிற ஜீப்தான் உண்டு, வேறு சைக்கிள் இல்லை. கைக்குட்டையைச் சுற்றித் திருகுகிறேன். பம்பைச் சைக்கிளோடு கட்டியிருந்த பழைய ட்யூப் ரப்பரை அவிழ்த்துச் சுற்றித் திருகுகிறேன். ஆள்காட்டி விரலில் ரத்தம் வந்து ரப்பர் வழுக்குகிறது. பல். ஏன் கூடாது, குறடும் பல்லும் ஒரே வேலைதானே. கம்பிகளுக்கு நடுவில் முகத்தை நுழைத்து, கடைவாயில் நட்டை வைத்துக் கடிக்கிறேன். இடது கடைவாய், இரும்பும் வெள்ளைப் பாலும் சேர்ந்து ஒரு ருசி, சக்கரத்தைக் கையால் சுற்றுகிறேன், என் தலைதான் சுற்றுகிறது. கடைவாயில் ஏதோ நகர்கிறது. நட்டு கழன்றுவிட்டது என்று நினைத்தேன். இல்லை, போன தையில் கட்டின பல்லின் தொப்பி. உள்ளங்கையில் துப்பிப் பார்க்கிறேன், சின்னதாக, வெள்ளையாக, அழகாக இருக்கிறது. நட்டு அங்கேயே இருக்கிறது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது, உரக்கச் சொன்னேன், எதிர் மலையிலிருந்து திரும்பி வந்தது.

இவர் எதற்கு என் சைக்கிளைத் தொட வேண்டும். எப்போது தொட்டார். சனிக்கிழமை வண்டியில் ஏற்றும்போது சக்கரத்தைக் கழற்றினார், வால்வுப் பக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமை அவர் சைக்கிள் பக்கமே வரவில்லை, கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். வியாழன். வியாழக்கிழமை சாயங்காலம் பால்கனியில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் வால்வைச் சுற்றித் தடவியது யார்? நான். நான்தான். வால்வின் அடியில் ஒரு குமிழி வந்தது. கடுகளவு. உடைந்தது, பிறகு இன்னொன்று. ஒரு ராத்திரிக்கு மூன்று பௌண்டு காற்றுக்கூட இறங்கியிருக்காது, விட்டிருக்கலாம். நான் விடுகிறவளா. கையால் இறுக்கினேன், குமிழி. "ஏங்க, அந்தக் குறட்டைக் கொண்டாங்க" என்றேன். கொண்டுவந்தார். கால் சுற்று. குமிழி. இன்னும் கால் சுற்று. குமிழி வரவில்லை, ஆனால் வந்துவிடுமோ என்று இன்னொரு கால் சுற்று. அவர் பக்கத்தில் டீயோடு நின்றுகொண்டிருந்தார். "இத்தன எதுக்கு இறுக்கறே? வழியில அவுக்கோணும்னா?" என்றார். என்னைப் பார்த்து அவர். "எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்து, அந்தக் குறட்டைத் துணியால் துடைத்து என் பையில் போட்டார். "இறுக்கினவளே அவுக்கோணும், இது இருக்கட்டும்." இவ்வளவும் நடந்தது. சோப்பு வாசனை வரைக்கும் இப்போது வருகிறது. காலையிலிருந்து, இல்லை, இந்தப் பதினைந்து நிமிஷமாக அந்த மனுஷனை எத்தனை திட்டினேன், அந்தப் பையனிடம் கூட என் வீட்டுக்காரர் என்று வாய் கூசாமல் சொன்னேன். தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மா சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒட்டின சிவப்புச் சீட்டில் ஒன்றை எடுத்து என் நெற்றியில் ஒட்டிக்கொள்ளலாம்.

"என்னா தங்கச்சி, பஞ்சரா?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். ஸ்வெட்டருக்கு மேல் சேலை, தலையில் துண்டு. காட்டெருமை சாய்த்துவிட்டுப் போன கம்பி வேலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள், எத்தனை நேரமாக அங்கே நிற்கிறாளோ, நான் சொன்ன கெட்ட வார்த்தை கேட்டிருக்கும். அவள் கையில் குறடு. என் கண் குறட்டைத்தான் பார்த்தது, அவளை அப்புறம்தான் பார்த்தது.

"ஆமாக்கா. இந்த நட்டு கழல மாட்டேங்குது."

"கொறடு இருக்கே, தரட்டா?"

"வேண்டாக்கா. வாங்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

"ரூலுக்கா."

"கொறட்டுக்கு ஒரு ரூலா? இங்க யாரு பாக்குறா? நானும் எருமையுந்தான்." சிரித்துக்கொண்டே கம்பியை முறுக்கப் போய்விட்டாள். பன்னிரண்டு இருபது. அவள் முறுக்குகிற சத்தம் கேட்கிறது, குறடு கம்பியைக் கவ்வுகிற சத்தம். ஹெலனும் அப்படித்தான் நினைத்திருப்பாள், யார் பார்க்கிறார்கள் என்று. இல்லை, அவள் எதையும் நினைக்கவில்லை, அதுதான் வித்தியாசம், அவள் மறந்துபோனாள், நான் மறக்கவில்லை. மறக்காமல் செய்தால் அது இன்னும் மோசம். ஆனால் எட்டு மாதம். முப்பத்து நாலு ஞாயிறு. முதல் தடவையாக வயிறு, கால், மூச்சு மூன்றும் என் பக்கம் இருக்கிற நாள், நாற்பத்து நாலாவது வயதில் இது மூன்றும் மறுபடி சேர்ந்து வருமென்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? இருபத்தொன்று. பையைத் திறக்கிறேன். எதற்குத் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு உருண்டை, அலுமினியத் தாள் மின்னுகிறது. நூற்றுப்பத்து கிராம்.

"அக்கா, புளிசோறு சாப்பிடறீங்களா?"

"என்னாத்துக்கு?"

"இத நீங்க வெச்சுக்கங்க, கொறட்ட எனக்குத் தாங்க. சும்மா வாங்கல. மாத்திக்கறோம்."

"ரெண்டு உருண்டைக்குக் கொறடா? நல்ல ஏவாரந்தான்." வேலிக்கு மேலாக வாங்கிக்கொண்டாள், குறட்டை நீட்டினாள். துருப்பிடித்த குறடு, கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது. கவ்வினேன். கிர்ரென்று ஒரு சத்தம், கால் சுற்று, அவ்வளவுதான், பிறகு விரலாலேயே ஓடி வந்தது, இத்தனை நேரம் இருந்த இடம் தெரியாமல். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவுக்குத்தானா? ஜெல் பாக்கெட் ஒன்றைப் பிய்த்து, உள்ளே இருந்ததை வாயில் பிழிந்துகொண்டு, வெறும் பாக்கெட்டை டயருக்குள் கிழிசலின் மேல் வைத்து, ட்யூபைச் சொருகி, டயரை ஏற்றி, பம்பு அடித்தேன். ஜெல் அதே இருமல் மருந்துதான், ஆனால் பாக்கெட்டாவது உதவியது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் உருண்டையை மென்றுகொண்டே, "உப்பு கொஞ்சம் தூக்கல் தங்கச்சி" என்றாள். வேண்டுமென்றுதான் போட்டது. குறட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "மாத்திக்கிட்டோம்னியே, நீயே வெச்சுக்க" என்றாள். "கனம்க்கா" என்றேன்.

பன்னிரண்டு இருபத்தேழு. மிதிக்கிறேன். இது உதவி இல்லை. மாற்றிக்கொண்டோம். கடையில் காசு கொடுத்து வாங்கினால் அது கடைக்காரன் செய்த உதவியா? ஆனால் விதியில் கடையும் கூடாது, ஆறாவது பிரிவு, வழியில் பொருள் வாங்குதல், எனக்கு மனப்பாடம், எனக்குத்தான் எல்லாம் மனப்பாடம். சரி, அவள் கை என் சைக்கிளில் படவில்லை. ஹெலனுடைய செயினை அந்த ஃபிட்டர் தொட்டார், சுத்தியலால் தட்டினார், இங்கே திருகினது நான். பெரிய வித்தியாசம். பெரிய வித்தியாசமா? கல் ரோடு, தொடை எரிகிறது, பல்லின் பள்ளத்தில் காற்றுப் பட்டுக் கூசுகிறது. இந்தக் குறடு அவருடைய குறடு என்று வைத்துக்கொள்ளலாமே, அதே நூற்றுப்பத்து கிராம்தானே, பையில் இருந்திருக்க வேண்டியதுதானே, காலையில் இதே உருண்டைக்குப் பதிலாகத்தானே வெளியே போனது, இப்போது உருண்டை வெளியே போய்க் குறடு உள்ளே வந்தது, கணக்கு நேராகிவிட்டது. நன்றாக இருக்கிறது, ஷெட்டில் எவனாவது ஃபிட்டர் இப்படி ஒரு சமாதானம் சொன்னால் நான் என்ன செய்வேன், சிரித்துக்கொண்டே சீட்டை ஒட்டுவேன். ஏற்றம். சின்ன கியர். மூச்சு நாலு எண்ணி உள்ளே, நாலு எண்ணி வெளியே. யார் கேட்கப் போகிறார்கள். கேட்பாள். அவள்தான் கேட்பாள், அது அவள் வேலை, அந்தக் கேள்வியே நான் கொண்டுவந்தது. இல்லை என்று சொன்னால் முடிந்தது. எல்லாரும் இல்லைதான் சொல்கிறார்கள். அந்தத் தாள் முழுவதும் இல்லை, நானூறு இல்லை இருக்கும், அதில் ஒரு இல்லை கூடினால் என்ன. வளைவு. தகரக் கொட்டகை தெரிகிறது, நீலத் துணி தெரிகிறது, போன வருஷம் இந்த வளைவில் மணி ஒன்று பத்து. இன்றைக்குப் பன்னிரண்டு ஐம்பத்தாறு. முப்பது நிமிஷத்தில் ஏறியிருக்கிறேன், இதுவரை ஏறாத வேகம்.

"வந்துட்டா! எம் பொண்டாட்டி வந்துட்டா!" மயில்சாமி ரோட்டுக்கு நடுவிலேயே வந்துவிட்டார். கஞ்சி பாட்டிலை நீட்டினார். மூடியை அவரே தளர்த்தி, சும்மா மேலே வைத்திருந்தார், நான் தொட்டதும் கையோடு வந்தது. குடித்தேன். மோர் விட்டுக் கரைத்த கஞ்சி, உள்ளே போகப் போக உயிர் வந்தது. ஹெலன் அட்டையில் தாளை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். கைதட்டக்கூட முடியாமல் அட்டையைத் தொடையில் தட்டினாள்.

"நாப்பத்தொண்ணாம் நம்பர், பன்னெண்டு அம்பத்தேழு! சொன்னேன்ல அக்கா, முடிச்சிருவீங்கன்னு. ஐயோ, கையென்ன இப்படி இருக்கு?"

"வால்வு நட்டு. கழலல."

"அது பெரிய ரோதனைக்கா. கையாலயே கழட்டினீங்களா?" கேட்டுக்கொண்டே பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். "நேரம் எழுதியாச்சு. இந்தக் கட்டம்... உங்களப் போய் நான் இத கேக்கறதா?" என்று சிரித்தாள். பேனா இல்லை என்ற கட்டத்துக்கு நேராகப் போயிற்று. அந்தச் சிரிப்பில் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன், ஒரு பழி, ஒரு குத்தல், ஏதாவது ஒன்று இருந்தால் பிடித்துக்கொண்டு நானும் பொய் சொல்லிவிடுவேன். இல்லவே இல்லை. அவள் நிஜமாகவே என்னை நம்புகிறாள். ஊரில் இந்த ஒரு பொம்பளை பொய் சொல்லமாட்டாள் என்று, என்னால் ஒரு வருஷம் சைக்கிள் ஏறாமல் இருந்தவள் நம்புகிறாள்.

"கையால இல்ல ஹெலன். வேலி கட்டிட்டிருந்த ஒரு அம்மாகிட்ட கொறடு வாங்கினேன்."

பேனா நின்றது. மயில்சாமி என் முகத்தைப் பார்த்தார். ஹெலன் பின்னால் திரும்பி, கொட்டகையில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, நான் இன்னும் கேக்கவே இல்ல. நீங்க எதுவும் சொல்லல. நேரந்தான் எழுதியாச்சே. ஏறிப் போங்க."

"அந்தப் புள்ளயே சொல்லுதல்லோ, போ சாமி," என்றார் அவர். குரல் கெஞ்சியது. அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

போயிருக்கலாம். அவள் என்னை விட்டுவிட்டாள், போன வருஷம் நான் அவளை விடவில்லை, அந்தக் கோபம்தான் எனக்கு, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. முப்பத்தெட்டு கிலோமீட்டர் முன்னால் கிடக்கிறது, பாதிக்கு மேல் இறக்கம், கால் இன்னும் தயாராக இருக்கிறது, வயிறு தயாராக இருக்கிறது. பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். ஹெலன் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். அவள் விடவில்லை, இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஆம் என்ற கட்டம் மேலிருந்து கீழ்வரை காலியாகக் கிடந்தது. நாற்பத்தொன்றுக்கு நேராக டிக் போட்டேன். விரலில் இருந்த ரத்தமும் கொஞ்சம் பட்டது. தாள் கிழிந்து, பேனா அடியில் இருந்த அட்டையில் போய் நின்றது.

"இத்தன எதுக்கு அழுத்தறே?" என்றார் மயில்சாமி.